நாற்பது சைகைகள் இலவசம்

அம்மாவுக்கு முதல் நோட்டீஸ் வந்தது, ரேஷன் கடையில் சீனி இல்லையா என்று கேட்டதற்காக.

வாயால் கேட்கவில்லை. என் அம்மா வெயிலாட்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் உரசிக் காட்டிவிட்டு, விரித்த கையை அப்படியே கவிழ்த்தாள். சீனி, தீர்ந்துபோச்சா. அவ்வளவுதான். கடை வாசலில் இருந்த கேமரா அதைப் பார்த்துவிட்டது. ஒன்பதாம் நாள் தபாலில் ஒரு தாள் வந்தது. 'இருப்பு தீர்ந்தது என்னும் எமது உரிமக் கோரிக்கை எண் 23-ஐத் தாங்கள் பொது இடத்தில் அனுமதியின்றிப் பயன்படுத்தியுள்ளீர்கள். மீண்டும் பயன்படுத்தினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.' கீழே அங்குலி டெக்னாலஜீஸ் என்று கையெழுத்து.

மூன்று முறை படித்த பிறகுதான், அம்மாவின் கையையே குற்றம் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

அம்மா பதினைந்து வயதில் எங்கள் ஊர் நூல் மில்லில் சேர்ந்தாள். அதுவரை அவளிடம் யாரும் பேசியதில்லை. வீட்டில் வேலை ஏவினார்கள், புரியாதபோது அடித்தார்கள். மில்லுக்குள் ஆயிரக்கணக்கான நூற்புக் கதிர்கள் ஒரே நேரத்தில் சுற்றும். பக்கத்தில் நிற்பவள் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் பெண்கள் கையால் பேசிக்கொண்டார்கள். நூல் அறுந்துபோச்சு, பஞ்சு தீர்ந்துபோச்சு, மிஷினை நிறுத்து, தலை சுத்துது, உன் கொழுந்தனுக்குப் பொண்ணு பார்த்தாச்சா. எந்தச் சைகையை யார் முதலில் செய்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தேவைப்பட்டவள் ஒருத்தி செய்தாள், எதிரே நின்றவள் புரிந்துகொண்டாள்.

"மில்லுக்குள்ள எல்லாவளும் செவிடுதான்ட்டி. ஒங்கம்மா மட்டும் சம்பளம் வாங்காமலே பழகிட்டு வந்தவ" என்பாள் குருவக்கா. அம்மாவுக்கு அடுத்த மிஷினில் இருபது வருஷமாக நிற்பவள்.

அந்தச் சைகைகள்தான் அம்மாவின் முதல் பேச்சு. நான் வாயால் பேசுவதற்கு முன்பே அதைப் பேசினேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே மில்லில் சேர்ந்தபோது, எனக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் சேர்ந்த வருஷம்தான் அங்குலி கம்பெனி வந்தது. அறுந்த நூலை ஒட்ட இயந்திரக் கைகளைப் பொருத்தினார்கள். மேலே வரிசையாகக் கேமராக்கள். எங்கள் மணிக்கட்டில் ஆளுக்கொரு வளையம். நாங்கள் கையால் சொன்னால் இயந்திரக் கை கேட்கும். நிறுத்து என்றால் நிற்கும், இங்கே வா என்றால் வரும். ஒரு வருஷம் இலவசமாக ஓட்டிப் பார்த்தார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னோடு பேச இன்னும் இருநூறு கைகள் வந்ததாக நினைத்தாள். சாயங்காலம் கிளம்பும்போது அவற்றிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவாள்.

வருஷம் முடிந்ததும் இயந்திரக் கைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேமராக்கள் மட்டும் மேலேயே இருந்தன. மறுவருஷம் நூற்றுப்பன்னிரண்டு சைகைகள் கம்பெனியின் பெயரில் பேட்டன்ட்டாக வெளிவந்தன, சைகைக்கு ஒரு கோரிக்கை எண்ணோடு. சைகைகளின் படத்தொகுப்புக்குப் பதிப்புரிமை தனியாக. உரிமம் எடுத்த மில்கள் பயன்படுத்தலாம். எங்கள் முதலாளி எடுக்கவில்லை, பொத்தான் வைத்த வேறு மிஷினை வாங்கினார். கம்பெனி கீழ்க்கோர்ட்டுக்குப் போய் ஓர் உத்தரவு வாங்கி வந்தது: வழக்கு முடியும்வரை மில் வளாகத்தில் அந்தச் சைகைகள் ஒன்றுகூடச் செய்யப்படக் கூடாது, மிஷினிடமும் சரி, மனிதரிடமும் சரி.

முதலாளி பயந்துபோய் ரப்பர் கையுறை கொடுத்தார். பச்சைக் குழந்தை முகத்தைக் கீறிக்கொள்ளாமல் இருக்கப் போட்டுவிடுவார்களே, அந்த மாதிரி. கட்டைவிரல் மட்டும் தனி, மற்ற நான்கும் ஒரே பையில். பொத்தானை அமுக்க அது போதும். மணிக்கட்டில் பட்டையை இழுத்துச் சூப்பர்வைசர் பூட்டுவார். காலை ஷிப்டு கழற்றிப் போட்டதை மதிய ஷிப்டு மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே கை நுழைக்கும்போது இன்னொருத்தியின் வியர்வை ஈரமாக, கதகதவென்று இருக்கும். முதல் நாள் நான் கழிவறையில் போய் வாந்தி எடுத்தேன். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதை நினைத்தால்தான் இப்போதும் குமட்டுகிறது.

அம்மா மில்லில் எட்டு மணி நேரம் ஊமையாக நின்றாள். வீட்டுக்கு வந்துதான் பேசுவாள். ரேஷன் கடை நோட்டீஸ் வந்த பிறகு தெருவிலும் நிறுத்திக்கொண்டாள்.

ஐந்தாவது மாதம் குருவக்காவின் முந்தானை மிஷினின் பக்கச் சக்கரத்தில் மாட்டியது. நூல் பார்க்கக் குனிந்திருந்தவள் கவனிக்கவில்லை. துணி சுற்றிக்கொண்டே போனது. நிறுத்தும் பொத்தான் வரிசையின் கடைசியில், ஒரு புதுப்பெண்ணின் பக்கத்தில் இருந்தது. அம்மா பார்த்துவிட்டாள். கையுறையின் பட்டையைப் பல்லால் கடித்துப் பிய்த்து எறிந்துவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வெட்டினாள். நிறுத்து. அந்தப் பெண் அமுக்கினாள். குருவக்காவுக்குத் தோளில் தோல் உரிந்ததோடு போயிற்று.

அம்மாவின் கடைவாய்ப்பல் ஒன்று ஆடிப்போயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோதே, கேமராப் படம் கம்பெனிக்குப் போய்விட்டது. மறுநாள் அம்மாவுக்கு வேலை இல்லை. அடுத்த வாரம் வழக்கில் அவளும் ஒரு பிரதிவாதி. 'கோரிக்கை எண் 1-ஐ வேண்டுமென்றே மீறியவர்.'

அதன் பிறகு கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வீட்டுக்கு வந்தான். இஸ்திரி கலையாத சட்டை. குருவக்காவும் அப்போது தோளில் கட்டோடு வந்திருந்தாள்.

"உங்க அம்மா நிலைமை எங்களுக்குப் புரியுதும்மா. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு சலுகைத் திட்டம் வச்சிருக்கோம். நாப்பது சைகை இலவசம். ஆயுசு முழுக்க. வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்றான்.

வழவழப்பான அட்டை ஒன்றை நீட்டினான். நாற்பது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மணிக்கட்டோடு வெட்டி வைத்ததுபோல ஒரு வெள்ளைக் கை. பசி. தண்ணீர். வலி. கழிவறை. நன்றி.

குருவக்கா எட்டிப் பார்த்தாள். "ஏய்யா, இதுல கெட்ட வார்த்தை ஒண்ணாச்சும் உண்டா?"

"அதெல்லாம் இல்லைங்க."

"அப்ப உன்னை மாதிரி ஆளு வீட்டுக்கு வந்தா அவ என்னத்தப் பேசுவா?"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நன்றி இருக்குங்களே."

நான் அட்டையைப் படித்தபடி நின்றேன். அதில் 'வருத்தம்' இல்லை. நேற்று இல்லை, நாளை இல்லை. என் பெயர் இல்லை. அம்மா என்னைக் கூப்பிடுவதற்குக் காது மடலைத் தொட்டுக் காட்டுவாள், பவுனு என்று பெயர் வைத்ததால். மில்லில் தங்கத்துக்கு அதுதான் சைகை. அது அறுபத்தி நான்காம் கோரிக்கையாம், 'மதிப்புமிக்க சரக்கு'. உரிமக் கட்டணம் உண்டு.

அம்மா அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டிலும் பேசவில்லை.

தூங்கும்போதும் அப்படித்தான் படுப்பாள், கைகளை அடியில் போட்டுக்கொண்டு. சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள். நான் எதிரே உட்கார்ந்து கையால் என்னென்னவோ கேட்பேன். தலையை ஆட்டுவாள், அல்லது ஆட்ட மாட்டாள். முப்பது வருஷத்துக்கு முந்திய வீட்டுக்கு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. வேலைகூடத் திரும்பக் கிடைக்க வேண்டாம். அம்மா ஒரு வார்த்தை பேசினால் போதும்.

ஜெபராணி என்ற வக்கீல் எங்களுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கறாரான பெண். முதல் நாளே கேட்டார்.

"கம்பெனிக்காரங்க எதுலயாச்சும் கையெழுத்து வாங்கினாங்களா?"

"இல்லக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு பவுனு. நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவ."

"இல்லவே இல்லக்கா."

விசாரணையின் முதல் நாள் கம்பெனியின் வக்கீல் ஒரு தாள்கட்டை எடுத்து நீதிபதியிடம் கொடுத்தார். 'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் அங்குலி நிறுவனத்தின் சைகைப் பயிற்சியைப் பெற்றுக்கொண்டோம். இச்சைகைகள் நிறுவனம் எங்களுக்குக் கற்றுத்தந்தவை.' இருநூற்றுப் பதினான்கு கையெழுத்துகள். அம்மா பெயருக்கு நேராக இருந்தது என் கையெழுத்து.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆயுத பூஜை! வருஷாவருஷம் மில்லில் பூஜை முடிந்ததும் பொரியும் இனிப்புப் பெட்டியும் கொடுப்பார்கள். வாசலில் ஒரு நோட்டு இருக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதை யாரும் படிப்பதில்லை. அந்த வருஷம் இனிப்பு, கம்பெனியின் உபயம். நோட்டும் அவர்களுடையது. அம்மா அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாள். அவள் பெட்டியையும் நானே வாங்கி வந்தேன். அதில் இருந்த பாதுஷாவை வழியிலேயே தின்றுவிட்டேன்.

கோர்ட் வராந்தாவில் ஜெபராணி அக்கா என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நீ அம்மாவுக்காகப் போட்டியா?"

"ஆமாக்கா."

"அவங்க அன்னைக்கு மில்லுக்கே வரல?"

"வராதவங்களுக்குப் பக்கத்து மிஷின்காரி போட்டு வாங்கிட்டு வருவாக்கா. எப்பவும் அப்படித்தான். இல்லேன்னா பெட்டி வேற எவ வீட்டுக்காச்சும் போயிரும்."

அவர் நடையை நிறுத்தினார். "அப்போ அன்னைக்கு வேற யாரெல்லாம் வரலன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மறுநாள் நீதிபதி முன்னால் அவர் பதினொரு பெயர்களைப் படித்தார். அதில் கனியம்மாள் என்பவள், பயிற்சி பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட அதே காலையில், ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றிருந்தாள். பிறப்புச் சான்றிதழ் இருந்தது.

நீதிபதி வயதானவர். தாள்களைப் புரட்டிக்கொண்டே, "பிரசவ வலியிலேயே பயிற்சி எடுத்திருக்காங்க போல" என்றார்.

கம்பெனியின் தலைவர் நிரஞ்சன் சாட்சிக் கூண்டில் ஏறினார். இளவயதுதான். சைகைகள் ஒவ்வொன்றையும் தன் குழு எலும்பு மூட்டுகளை ஆராய்ந்து வடிவமைத்ததாகச் சொன்னார். திரையில் படங்களைக் காட்டினார். முப்பத்தியேழாவது படத்தில் ஒரு வெள்ளைக் கை, மோதிர விரலை மட்டும் மடக்கி, மற்ற நான்கையும் நெற்றிக்கு நேரே நிமிர்த்தி நின்றது.

"இது மேற்பார்வை முறை இயங்குகிறது என்பதற்கான சைகை. மோதிர விரல் சீக்கிரம் சோர்வடையும். அதை மடக்கி வைத்தால் தசைக்கு ஓய்வு. இதற்கு மட்டும் எட்டு மாதம் ஆராய்ச்சி செய்தோம்" என்றார்.

என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அம்மா சிரித்தாள். அவள் சிரிப்பு மற்றவர்கள் சிரிப்பதுபோல இருக்காது, பாத்திரம் உருள்வதுபோல இருக்கும். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது.

"அவங்க ஏன் சிரிக்கிறாங்க?" என்று நீதிபதி கேட்டார்.

ஜெபராணி அக்கா என்னைப் பார்த்தார். நான் நான்கு பேர் முன்னால் பேசியே அறியாதவள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"அது மேஸ்திரி வாராருன்னு அர்த்தம்ங்கய்யா."

"விரலை ஏன் மடக்கணும்?"

"எங்க மேஸ்திரிக்கு அந்த விரல் கிடையாதுங்கய்யா. பல்சக்கரத்துல போயிருச்சு."

பின்வரிசையில் மேஸ்திரி சங்கையா தயங்கித் தயங்கி எழுந்து வலது கையைத் தூக்கினார். நான்கு விரல்கள். விரல் போன தேதிக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு அவரிடம் இருந்தது. அங்குலி கம்பெனி தொடங்குவதற்குப் பதினான்கு வருஷம் முன்பு.

"அடுத்ததுக்கு என்ன அர்த்தம்?" நீதிபதி திரையைக் காட்டினார். கம்பெனியின் பட்டியலில் முப்பத்தியெட்டு, 'பாதை சீரானது, பணியைத் தொடரலாம்'. சுண்டு விரலை மட்டும் நீட்டிக் கீழ்நோக்கி ஆட்டுகிற சைகை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அது வந்துங்கய்யா..."

"சொல்லும்மா."

"மேஸ்திரி ஒண்ணுக்குப் போயிருக்காருன்னு அர்த்தம்ங்கய்யா. அவரு திரும்பி வாரவரைக்கும் கொஞ்சம் நின்னு மூச்சு விடலாம்னு."

கோர்ட் சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார். நிரஞ்சனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேமராக்கள் பார்த்தது உண்மைதான்: அந்தச் சைகை செய்தால் எல்லார் தோளும் தளர்கிறது, ஆபத்து இல்லை. ஆகவே பாதை சீரானது. எங்கள் மூச்சைக்கூட அப்படித்தான் பதிவு செய்துவைத்திருந்தார்கள். எல்லாரும் சிரித்தபோது எனக்கு மட்டும் அருவருப்பாக இருந்தது. குளிக்கிற இடத்தில் ஒருவன் ஒரு வருஷமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரியவந்தால் எப்படியோ, அப்படி.

தீர்ப்பு ஏழு வாரம் கழித்து வந்தது. நூற்றுப்பன்னிரண்டு கோரிக்கைகளும் செல்லாது. படத்தொகுப்பின் பதிப்புரிமையைக் காட்டி மனிதர்களின் கையை யாரும் கட்டிப்போட முடியாது. ஆயுத பூஜைக் கையெழுத்துகள் இனிப்புப் பெட்டிக்கான ரசீது மட்டுமே. கம்பெனி சட்டத்தைப் பயன்படுத்தவில்லை, சட்டத்தை ஏவிவிட்டிருக்கிறது. அபராதம், செலவுத்தொகை, அம்மாவுக்கு மறுபடி வேலை. ஒரு வரியை நீதிபதி நிமிர்ந்து பார்த்தே சொன்னார்: "பேச வழியில்லாத ஒரு பெண்ணிடமிருந்து பேச்சை எடுத்து, அதில் நாற்பது துண்டுகளை அவளுக்கே தானமாகப் போட்டிருக்கிறார்கள். இதைவிட இழிவான ஒரு கோரிக்கை இந்த நீதிமன்றத்துக்கு வந்ததில்லை."

மில்லில் கையுறைகளைக் குவித்து எரித்தார்கள். ரப்பர் கருகும் நாற்றத்தோடு வியர்வை நாற்றமும் எழுந்தது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் ஓயாமல் பேசினார்கள். குருவக்கா அம்மாவின் தோளைத் தட்டிக் கையால் சொன்னாள்: இப்பவாச்சும் பேசு.

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து கைகளை மெதுவாக வெளியே எடுத்து, சாப்பிட்டு முடித்த இலையை மடித்துத் தூரத் தள்ளுவதுபோலச் செய்தாள்.

எச்சில்.

குருவக்காவுக்கு முகம் செத்துவிட்டது. "என்னட்டி சொல்லுதா இவ? அதான் நம்மதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சே."

ஆனால் எனக்குப் புரிந்தது. பறித்துக்கொண்டு போனவன் திருப்பிக் கொடுத்தான் என்பதற்காக, அவன் வாய் வைத்ததை எப்படி எடுத்து உண்பது? அவள் கையால் கடைசியாகப் பேசியது அதுதான்.

தீர்ப்போடு இன்னோர் உத்தரவும் இருந்தது. நல்ல எண்ணத்தில் போட்டதுதான். இனி யாரும் உரிமை கொண்டாடாதபடி, தொழிலாளர்களின் சைகைகளை எல்லாம் நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர் படம்பிடித்துப் பொதுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். தொண்ணூறு நாள் கெடு.

அந்த நாட்களில் ஒரு காலை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். முதுகில் அம்மாவின் பார்வை படுவதுபோல இருந்தது. திரும்பினேன். அவள் கைகள் தொடைக்கு அடியில்தான் இருந்தன. ஆனால் அவள் என்னிடம் ஏதோ சொன்னாள். முதலில் எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். தோசை தீயுது, நீ எங்கே பார்க்கே என்றாள். அந்த எச்சில் ஒன்றைத் தவிர, பதினான்கு மாதத்துக்குப் பிறகு என் அம்மா பேசினாள். நான் தோசையைத் தீய விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுவதைப் பற்றியும் ஏதோ கேலியாகச் சொன்னாள்.

எதைக்கொண்டு சொன்னாள் என்பதை எழுதப் போவதில்லை. குருவக்காவுக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டது. பிறகு அந்த வரிசையில் இன்னும் நான்கு பேருக்கு.

கமிஷனர் கேமராவோடு வீட்டுக்கு வந்தது எண்பத்தெட்டாம் நாள். மில்லில் எல்லாரிடமும் எடுத்து முடித்துவிட்டார். வழக்குக்கே காரணமான அம்மாவைக் கடைசியாக வைத்திருந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். கொடுத்த மோரைக் குடித்தார்.

"நூத்திப்பன்னெண்டுக்கு மேல முப்பது சைகை சேர்ந்திருக்கும்மா. அம்மாகிட்டதான் இன்னும் நெறைய இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்று கேமராவை அம்மாவுக்கு நேராக வைத்தார். "ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பதிவேட்டுல இல்லாததை நாளைக்கு எவனாவது தன்னதுன்னு சொன்னா, அதுக்கு முன்னாடியே இருந்துச்சுன்னு காட்ட உங்ககிட்ட ஆதாரம் இருக்காது. அதனால ஒண்ணையும் விட்டுடாதீங்க."

அவர் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன். அவள் கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து நிதானமாகப் பேசினாள். நீளமாக. தெரியும் என்றாள். மறுபடி வருவார்கள் என்றும் தெரியும், வந்தால் வரட்டும் என்றாள். இந்த ஆள் பாவம், மோர் மீசையில் ஒட்டியிருக்கிறது, சொல்லிவிடு என்றாள். இன்னும் சிலதும் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலித்தது. அவ்வளவு நேரமும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதன் சின்னத் திரையில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கமிஷனர் பேனாவை எடுத்தார். "என்னம்மா, ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல சார்" என்றேன். "அம்மா இப்பல்லாம் பேசுறதில்ல."

அவர் தலையைக் குனிந்து, அதை அப்படியே எழுதிக்கொண்டார்.